இரண்டாவது பொட்டலம்

“கொஞ்ச நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க மேடம். விசாரணை முடியட்டுமுங்க” என்றார் துறைத் தலைவர். சொல்லிவிட்டு எனக்கு ஒரு டீ வரவழைத்தார். கோயம்புத்தூரில் ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதாக இருந்தாலும் டீ கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். நானும் பழக்க தோஷத்தில் “பரவாயில்லீங்க சார், தேங்க்ஸுங்க” என்று சொல்லி, அதைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல் சொல்லித்தருகிறேன். தற்காலிக விரிவுரையாளர். அந்தப் பருவத்தின் இரண்டாவது இன்டர்னல் தேர்வுக்கு வினாத்தாள் எடுத்தது நான்தான். தேர்வு முடிந்த மத்தியானமே, அதன் புகைப்படம் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மாணவர்கள் சிலரின் போன்களில் சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்துபோனது. படத்தின் ஓரத்தில் என்னுடைய பச்சை நிறச் சாப்பாட்டுப் பை பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. என் மேஜையில்தான் எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நிரந்தர வேலையில் இருப்பவராக இருந்தால் அதைக் கவனக்குறைவு என்று சொல்லியிருப்பார்கள். தற்காலிகம் என்பதால், தேர்ச்சி விகிதத்தைக் கூட்டிக்காட்ட நானே கொடுத்துவிட்டேன் என்று பேச்சு கிளம்பியது. அடுத்த வாரம் விசாரணைக் குழு கூடுவதாக இருந்தது. அது எனக்கு எதிராக முடிந்தால் வேலை போவது மட்டுமில்லை, இந்த ஊரில் எந்தக் கல்லூரியிலும் எனக்கு வகுப்பறைக் கதவு திறக்காது.

படம் எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் முடியாது.

தேர்வுக்கு முந்தின நாள் என் மாணவிகள் இரண்டு பேர் அசைன்மென்ட் கொடுக்க வந்தார்கள். ஒருத்தி கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். நெல்லும் வாழையும் போட்டிருக்கும் தோட்டத்துக் குடும்பம், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். இன்னொருத்தி அவளுக்கு அண்ணியாகப் போகிறவள். கோபிக்காரியின் அண்ணனுக்கும் அவளுக்கும் நிச்சயமாகி, அந்த இனிப்பைக்கூட எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். நான் அலுவலகம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியபோது அண்ணி என் மேஜையருகே நின்றாள். கோபிக்காரி வராந்தாவில் நின்றாள். எப்போதும் “போயிட்டு வாரேனுங்க மேம்” என்று சொல்லாமல் நகராதவள், அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

மறுநாள் தேர்வில் அவள் வெற்றுத்தாளைக் கொடுத்தாள். வகுப்பிலேயே ஒழுங்காகப் படிக்கிற பெண் பெயரையும் பதிவெண்ணையும் மட்டும் எழுதி வைத்துவிட்டு எழுந்து போனதாக, அறையில் இருந்த சக ஆசிரியை என்னிடம் சொன்னார். காய்ச்சலோ என்னவோ என்று நினைத்தேன். படம் வெளியான பிறகுதான் புரிந்தது. முந்தின நாளே கேள்விகள் அவள் கண்ணில் பட்டுவிட்டன. தெரிந்த கேள்விக்குப் பதில் எழுதவும் அவளுக்கு மனசில்லை, அண்ணியைக் காட்டிக்கொடுக்கவும் வழியில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் நடத்திக்கொண்டிருந்த பாடமே இதுதான். மனிதர்கள் சரி தவறு என்று எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது. பாடப்புத்தகம் அதைப் படிக்கட்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. தண்டனைக்குப் பயந்து நல்லவனாக இருப்பவன் அடிப்படியில், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பார்ப்பவன் நடுவில், யாருக்காகவும் இல்லாமல் கொள்கைக்காக நிற்பவன் உச்சியில். பருவத்தின் ஆரம்பத்தில் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் நெருங்கிய தோழி ஒரு தப்பு செய்கிறாள், பழி வேறொருவர் மேல் விழுகிறது, நீங்கள் என்ன செய்வீர்கள்?

ரேஸ்கோர்ஸ் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் எழுந்தான். அப்பா, அம்மா இரண்டு பேரும் டாக்டர்கள். உண்மை என்பது உறவைவிட உயர்ந்தது, ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தால் விதியே செத்துப்போகும் என்று அழகாகப் பேசினான். மில் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர், கூட இருப்பவளைக் காட்டிக்கொடுப்பது மட்டும் நடக்காது என்றார்கள். கோட்டைமேட்டில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள், முதலில் தோழியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன், நாள் கொடுத்துப் பார்ப்பேன் என்றாள். கோபிக்காரி எழுந்து, “எங்கூருக் கோயில்ல பூப் போட்டுப் பாப்பனுங்க மேம்” என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. பாடப்புத்தகத்தின் கணக்குப்படி டாக்டர் வீட்டுப் பையன் உச்சியில், அவள் படிக்கட்டுக்குக் கீழே செருப்பு விடுகிற இடத்தில்.

இப்போது என் பிழைப்பு அந்தப் பதில்களின் கையில் வந்து நின்றது.

வேலைக்குப் போகவில்லை என்று தெருவில் தெரியக்கூடாது என்பதற்காக, காலையில் வழக்கம்போல அந்தப் பச்சைப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, பல்கலைக்கழகத்துக்குப் போகிற வண்டிகளை ஒவ்வொன்றாக வழியனுப்பினேன். தெரிந்த முகம் வந்தால் போனில் பேசுவதுபோல் திரும்பிக்கொள்வேன். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பள்ளியில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்பது தனிப் பயம். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட எல்லாம் தெரிந்துதான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது.

டாக்டர் வீட்டுப் பையன் வகுப்புப் பிரதிநிதி. படம் முதலில் யாரிடமிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. வெட்கத்தை விட்டு அவனுக்கு போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினான். விசாரணைக் குழு நியாயமாக நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் பெயரைச் சொல்வது அந்த நபருக்கு அநீதி, தனிப்பட்ட செய்திகளை வெளியிடுவது அந்தரங்கத்தை மீறுவது என்று ஒவ்வொன்றாக அடுக்கினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். “உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை இருக்கு மேம்” என்று முடித்தான். வைத்துக்கொள் அந்த மரியாதையை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனை வைத்தேன்.

கோபிக்காரிக்கு போன் செய்ய விரல் பலமுறை போனது. செய்யவில்லை. அதற்குக் காரணம் என் அப்பா. அவர் மில்லில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்துக்காரர். எங்கள் வீட்டில் பொய் சொன்னால் திட்டு விழும். கூட வேலை செய்கிறவனை நிர்வாகத்திடம் போட்டுக்கொடுத்தவன் என்றால் அவன் வீட்டுத் தண்ணிகூடக் குடிக்கமாட்டார்கள். நான் வளர்ந்தது அந்த வீட்டில். அப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

“வேல போனாப் போகுது கண்ணு. அந்தப் புள்ளைகிட்டப் போயி யாரு பேரையும் கேட்டுப்போடாத” என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. போனால் போகுது என்று சொல்ல அவருக்கென்ன, ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் கேட்க முடியவில்லை. ஒரு பெண்ணை அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூப்பிடுவதற்கு வாய் வரவில்லை. அவள் தானாக வந்து சொல்ல வேண்டும் என்று மட்டும் ராத்திரி பகலாகப் பேராசைப்பட்டேன். கொள்கையாவது, படிக்கட்டாவது. என் வேலை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அவளிடமிருந்தே போன் வந்தது. “மேம், ஞாயித்துக்கெழம எங்கூருக்கு வர முடியுங்களா? கோயில்ல பூக் கேக்கறமுங்க. நீங்க இருந்தா நல்லதுங்க.” என்ன கேட்கப் போகிறாய் என்றேன். “நடந்ததப் போயிச் சொல்லலாமா வேண்டாமான்னுங்க” என்றாள். அம்மாவுக்கும் தெரியும் என்றாள்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் பொருமினேன். பட்டம் மேல் பட்டம் வாங்கிய எனக்கு, இலையில் சுற்றிய பூ வந்து வேலை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டுமா? போகவே கூடாது என்று தீர்மானித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காந்திபுரத்தில் கோபி வண்டிக்கு முதல் ஆளாக நின்றேன். அவிநாசி தாண்டும்போது, கோபுரம் கண்ணில் பட்டதும், சாமி கும்பிடாத வீட்டில் பிறந்த நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரம்மா என்னைப் பார்த்து அவரும் போட்டுக்கொண்டார்.

அவள் வீட்டில் கல்யாண வேலை தொடங்கியிருந்தது. வாசலில் பந்தக்கால் நடக் குழி வெட்டி வைத்திருந்தார்கள். நிறைய வெள்ளைப் பூவோடு ஒரு அரளிச் செடி நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு அரளியைத் தரையோடு ஒட்ட வெட்டியிருந்தார்கள். அம்மாக்காரர் என்னை வரவேற்றபடியே, “பந்தலுக்கு எடஞ்சலா இருக்குதுன்னு தறிச்சுப்போட்டமுங்க. காலப் பாத்து வைங்க அம்மணி” என்றார். அவர் சொல்லியும் நான் அந்தக் கட்டையில் தடுக்கினேன்.

கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டேன். சாப்பிடாமல் எங்கேயும் போகக்கூடாது என்றார்கள். இலை போட்டார்கள். அந்த அம்மா பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டே என்னைக் கேட்டார். வீட்டில் யார் யார், மகள் என்ன படிக்கிறாள், அவளுக்கு யார் சோறாக்கிப் போடுகிறார்கள், எத்தனை வருஷமாக இந்த வேலை. வினாத்தாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பதில் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது. இந்த ஊரில் ஒருவருக்குக் கையால் சோறு போட்டுவிட்டால் அப்புறம் அவரை யாரோ எவரோ என்று நினைக்க முடியாது. மகள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை எதற்கு வரச் சொன்னாள் என்பது எனக்கு அப்போது லேசாகப் புரிந்தது.

பூக் கேட்பது என்றால் இதுதான். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை அரளிப் பூவும் இன்னொன்றில் சிவப்பு அரளிப் பூவும் வைத்து, வித்தியாசம் தெரியாதபடி மடித்து நாரால் கட்டுவார்கள். இரண்டையும் சாமி காலடியில் போட்டு, மனசில் நினைத்ததைக் கேட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கமில்லை. அதைத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். பெண் பார்ப்பதிலிருந்து தோட்டத்தில் போர்வெல் போடுவது வரைக்கும் இப்படிக் கேட்டுத்தான் செய்கிறார்கள். சாமி சொன்ன பிறகு அதன்மேல் எதிர்வார்த்தை கிடையாது.

பொட்டலங்களை அவளே வீட்டுக்குள் கட்டி எடுத்துவந்தாள். வாய்க்கால் ஓரத்தில் சின்ன அம்மன் கோயில். பூசாரி விளக்கேற்றினார். அவள் கண்ணை மூடி நின்றாள். அவள் அம்மா கையைக் கூப்பிக்கொண்டு உதட்டை அசைத்தார். அவர் என்ன வேண்டுகிறார் என்பது எனக்குத் தெரியும், மகனின் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும், அதாவது சிவப்பு வர வேண்டும். அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல முடியவில்லை. மருமகளாக வரப்போகிறவளை இவர்களே மாட்டிவிட்டால் சம்பந்தி வீட்டார் வாசற்படி மிதிப்பார்களா? நானோ வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று அந்த அம்மனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரே சாமி முன்னால் இரண்டு பேர் எதிரும் புதிருமாக வேண்டிக்கொண்டு, கையில் ஒரே சாப்பாட்டின் வாசனையோடு நின்றோம். வியர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பூசாரி குனிந்து ஒன்றை எடுத்தார். நாரை அவிழ்க்க அவருக்கு நகம் பத்தவில்லை. அந்த நேரத்தில் என் மகளின் முகம், அப்பாவின் முகம், துறைத் தலைவரின் டீ எல்லாம் வந்துபோயின. இலையைப் பிரித்தார்.

வெள்ளை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அந்த அம்மா பூவையே பார்த்தபடி நின்றார். பிறகு தீபாராதனைத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “உத்தரவாயிருச்சு. சாயங்காலம் சம்மந்தி ஊட்டுக்கு நானே போயிச் சொல்றேன்” என்றார். வீட்டைப் பார்த்து நடந்தார்.

பேருந்து ஏற்றிவிட அவள் என்னோடு வாய்க்கால் கரையில் வந்தாள். மற்றப் பொட்டலம் அவள் கையில் இருந்தது. பாலத்தில் நின்று அதைத் தண்ணீரில் விட்டாள். நார் சரியாகக் கட்டப்படவில்லையோ என்னவோ, தண்ணீரில் பட்டதும் இலை விரிந்தது. உள்ளிருந்து மிதந்து வந்ததும் வெள்ளரளிதான்.

நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பதை அவளும் கவனித்துவிட்டாள்.

“சாமி கோவிச்சுக்காதுங்க மேம்” என்றாள். “நான் சொன்னா அம்மா கோவிச்சுக்கும், அண்ணி ஊட்ல ஜென்மத்துக்கும் பேச மாட்டாங்க. சாமி சொன்னா யாரு மேலயும் யாருக்கும் கோவமில்லீங்க.”

அண்ணியைக் காட்டிக்கொடுக்காமல், அண்ணன் கல்யாணத்தை உடைக்காமல், என் வேலையையும் காப்பாற்ற அவள் சாமியையே ஏமாற்றியிருக்கிறாள். இது பாடப்புத்தகத்தின் எந்தப் படி? உண்மைக்காகச் செய்த பொய்யா, பொய்யால் செய்த உண்மையா? நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய நேரத்தில் எனக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இது வெளியே தெரிந்தால் அந்தப் பெண்ணை அவள் ஊரே மன்னிக்காது. தெரிந்த ஒரே ஆள் நான்.

சம்பந்தி வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. அழுகையும் சத்தமும் இருந்ததாகவும், சாமி உத்தரவு என்றதும் அந்த வீட்டுப் பெரியவர்கள் அடங்கிவிட்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். விசாரணையன்று அண்ணி தன் அப்பாவோடு வந்து, தானே எடுத்ததாகச் சொல்லிவிட்டாள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுக்கு அந்தத் தேர்வு ரத்தானது, எல்லோருக்கும் வேறு தாள் வைத்தார்கள். குழுவில் இருந்த ஒரு பேராசிரியர், இந்தப் பெண் தானாக எப்படி முன்வந்தாள் என்று ஆச்சரியப்பட்டு என்னிடமே கேட்டார். “சாமி உத்தரவுங்க சார்” என்றேன். அவர் அதை மிகவும் ரசித்தார். துறைத் தலைவர் என்னை மறுபடி டீ குடிக்கக் கூப்பிட்டு, எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். வகுப்புப் பிரதிநிதி, நியாயம் வெல்லும் என்று தனக்கு முதலிலேயே தெரியும் எனச் செய்தி அனுப்பியிருந்தான்.

“எவனாச்சும் போட்டுக்குடுத்தானா?” என்று அப்பா கேட்டார்.

“இல்லீங்கப்பா. அம்மன்தான் சொல்லுச்சு” என்றேன். அவர் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கலாமா என்று பார்த்தேன். போகவில்லை என்றால் மனஸ்தாபம் என்று நினைப்பார்கள். முந்தின நாளே கோபிக்காரி வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டில்தான் கல்யாணம் என்பதால் மணப்பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். வாசல் நிறையப் பந்தல். மணப்பெண் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, பிறகு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கோபிக்காரி பட்டுப்புடவையில் ஓடியாடிக்கொண்டிருந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இனி யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று கொஞ்சம் மூச்சு விட்டேன். அப்போதுதான் அவள் அம்மா என்னைப் பந்தல் ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேக்கோணுமுங்க. அன்னைக்கு வாய்க்கால்ல உட்டாளே, அந்தப் பொட்டலத்துல செவப்புத்தானுங்களே இருந்துச்சு?”

அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு போட்டவர். அவரிடம் பொய் சொல்வது தப்பு. உண்மையைச் சொன்னால் அவர் மகள் இந்த வீட்டில் தலை நிமிர முடியாது. என் வகுப்பில் நான் கேட்ட அதே கேள்வி, இப்போது பதில் சொல்ல வேண்டியவள் நான். கொள்கை எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“ஆமாங்கம்மா. செவப்புத்தானுங்க. நானே பார்த்தேன்” என்றேன்.

அவர் தலையசைத்தார். பந்தக்கால் பக்கத்தில், வெட்டிய அரளியின் கட்டை இருந்த இடத்தை மண் போட்டு மூடியிருந்தார்கள். அவர் அதைக் காலால் ஒருமுறை அழுத்தி மிதித்தார்.

“எங்கூர்ல இருந்த ஒரே செவ்வரளி இதுதானுங்க. பூக் கேக்கறதுக்கு ரெண்டு நாளு முந்தியே தறிச்சுப்போட்டம்” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாரு கேட்டாலும் இப்பச் சொன்ன மாதிரியே சொல்லிப்போடுங்க கண்ணு. வாங்க, சாப்புடலாம்” என்றார்.